புயல் ஓய்ந்த பிறகு ஓர் ஊருக்கு என்ன மருத்துவ உதவி தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகாமில் இருப்பவர்களைக் கேட்டால் போதாதா?

போதாது. நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி நித்திரவிளை பக்கம் இருக்கிறேன், நர்சிங் படித்தவள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துவிட்டுப் போன பிறகு கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தவர்களில் நானும் ஒருத்தி, அங்கே பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

முகாமுக்கு யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீடு போனவர்கள், நடக்க முடிந்தவர்கள். பக்கவாதம் வந்து கட்டிலில் கிடப்பவர் வரமாட்டார், அவரைப் பார்த்துக்கொள்கிற மனைவியும் வரமாட்டார். ஒக்கியில் எங்கள் பக்கம் விழுந்தவை ரப்பர் மரங்கள், வாழை, அப்புறம் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள். நிறைய வீடுகள் நின்றுகொண்டுதான் இருந்தன, அதனால் காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற அதிகாரிக்கு ஊருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மழைத்தண்ணீர் இறங்கின திறந்த கிணற்றில் வாளி போட்டு இறைத்துக் குடிக்கிறார்கள், இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜ் சும்மா நிற்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வல்லவிளை, நீரோடி ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் எந்த முகாமிலும் இல்லை, கடற்கரையிலும் கோயில் வாசலிலும்தான் நின்றார்கள்.

ஆக, வீட்டுக்குத்தான் போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் போக ஆளும் நேரமும் கிடையாது என்பதால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு முறையை வைத்திருக்கிறது, கேஸ்பர் என்று சொல்வார்கள். வீடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, அதில் 30 துண்டுகளைக் குலுக்கல் போல எடுப்பார்கள், வீடு அதிகம் உள்ள துண்டுக்கு வாய்ப்பும் அதிகம். ஒவ்வொன்றிலும் 7 வீடு, மொத்தம் 210. தடுப்பூசி எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்திய கணக்கிலிருந்து வந்தது இது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு புளோரிடாவைச் சிதைத்தபோது அதை மாற்றியமைத்துப் புயலுக்குப் பயன்படுத்தினார்கள்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, வீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரு துண்டில் 70 வீடு இருந்தால் பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்றுதான் போக வேண்டும், ரோட்டோரத்து வீட்டில் கேட்பது சுலபம் என்று அங்கே நின்றுவிட்டால் தண்ணீர் லாரி ஏற்கெனவே வந்துபோன வீடுகளை மட்டுமே எண்ணியிருப்பீர்கள். கதவு பூட்டியிருந்தால் இன்னொரு நேரம் போய்ப் பார்க்க வேண்டும், மூன்று தடவை பார்த்த பிறகுதான் வேறு வீடு. எங்கள் பக்கம் துண்டு பிரிக்க ஒரு வசதி உண்டு. கடற்கரையில் உள்ள கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்களில், அன்பியம் என்கிற சின்னச் சின்னக் குழுக்களாகக் குடும்பங்களைப் பிரித்தே வைத்திருப்பார்கள், எந்த வீட்டில் யார் கடலுக்குப் போயிருக்கிறார் என்பதுவரை பங்குத்தந்தையிடமும் அன்பியப் பொறுப்பாளர்களிடமும் விவரம் இருக்கும். அதை வாங்காமல் வரைபடத்தை மட்டும் விரித்து உட்கார்ந்தால் நேரம்தான் போகும்.

கேள்விகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். அரிசி, பணம் என்று சொல்வார்கள், நியாயமும்கூட, ஆனால் மருத்துவத் தேவை அதில் வராது. பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருக்கிறாரா, கையில் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது, கடைசியாக எப்போது போட்டார், டயாலிசிஸுக்கு எங்கே போவார், கர்ப்பிணி இருந்தால் எத்தனையாவது மாதம், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து, கொதிக்க வைக்க அடுப்பு எரிகிறதா, யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காலில் புண் இருக்கிறதா. காலில் புண்ணோடு தேங்கின தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் அது எப்படிப் பரவியது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கத் தாளுக்கு மேல் கேள்வி போகக் கூடாது. நீரோடி பக்கம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு, இரண்டும் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் வேண்டும்.

மனசைப் பற்றியும் கேளுங்கள், வெட்கப்படாமல். "வீட்டில் யாராவது சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறார்களா" என்று கேட்டால் போதும். ஒரு வீட்டில் மாத்திரை டப்பா நிறைய இருந்தது, ஆனால் அந்த அம்மா பல நாளாக ஒன்றும் போடவில்லை. "அவன் வரட்டும் மக்களே, பிறகு போடுதேன்" என்றார்கள். மகன் கடலில். இதை எந்த மருந்துக் கணக்கும் காட்டாது. அந்த வீட்டுக்கு மருந்து தேவைப்படவில்லை, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது.

அதே 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் கீழ் உள்ள கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவை மரியா சூறாவளி தாக்கியது. அரசு ரொம்ப நாள் 64 பேர் இறந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் போய்க் கேட்டபோது கூடுதல் மரணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம் என்று தெரிந்தது, அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குச் சிகிச்சை தாமதமானதும் தடைப்பட்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு அரசே 2,975 என்று மாற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் கரண்ட் இல்லாத தீவில் ஆக்சிஜன் மெஷினும் டயாலிசிஸும் நின்றுபோனால் என்ன ஆகும், காற்று நின்ற பிறகும் சாவு நிற்கவில்லை.

எங்களுக்கு இன்னொரு சிக்கல், எல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் போவார்கள், அதனால் குமரி ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்து இங்கே டயாலிசிஸ் நோயாளிகள் குறைவு என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். "எந்த ஆஸ்பத்திரி, அங்கே போக இப்போது பஸ் ஓடுகிறதா" என்று கேட்டே ஆக வேண்டும். 2021இல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சுகர், பிரஷர்காரர்களின் வீட்டுப் பட்டியல் இருக்கிறது, ஒக்கி சமயத்தில் அது இல்லை. இப்போது கணக்கெடுப்பவர் முதல் வேலையாகக் கிராம சுகாதார செவிலியரைப் பிடித்து அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ளவர்களுக்கு உடனே மாத்திரை போகட்டும், 210 வீட்டுக் கணக்கு தனியாக நடக்கட்டும், இரண்டையும் கலக்காதீர்கள்.

தாள்கள் வந்ததும் ஓரிரு நாளில் கூட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுத்துவிட வேண்டும், அழகான அறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். கேட்கப் போகும்போதே பையில் ஓஆர்எஸ், குளோரின் மாத்திரை, காயத்துக்குக் கட்டுத்துணி இருக்கட்டும். பிரசவ வலியோ நெஞ்சுவலியோ எதிரே இருந்தால் தாளை மடித்து வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மூன்று நாலு வாரம் கழித்து இன்னொரு தடவை போக வேண்டும், முதல் வாரத்தில் தண்ணீர் கேட்ட வீடு அப்போது கொசுவையும் காய்ச்சலையும் பற்றிச் சொல்லும்.