சின் இலக்கம், வீட்டுக்காரர், வரித் தொலைபேசி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவருக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

வேலை அனுமதியோடு அண்மையில் ஸ்காபரோவுக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். பேஸ்மென்ட் ஒன்றை வாடகைக்குத் தரவிருக்கும் வீட்டுக்காரர் உங்களுடைய சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தையும் கடவுச்சீட்டுப் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, மூன்று மாத வாடகையை முற்பணமாகவும் கேட்கிறார். வரித் திணைக்களத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் பொலிஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் உங்கள் சின் இலக்கத்தைச் சில மாதங்களுக்கு இரவல் கேட்கிறார். கடைசியாக, வேகமாக ஓட்டியதற்காக உங்களுக்கு ஒரு டிக்கெட் கிடைத்திருக்கிறது. இவை வேறுவேறு விடயங்கள்போலத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். இந்த நாட்டில் சட்டப்படி உங்களிடம் எதையாவது கேட்கும் உரிமை உள்ளவர் அதை எழுத்தில் கேட்பார். எந்தச் சட்டத்தின்படி கேட்கிறார் என்று சொல்வார். பதில் தருவதற்கு இத்தனை நாட்கள் என்று தவணையும் தருவார். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல் என்று அவசரப்படுத்துபவருக்கு அநேகமாக அந்த உரிமை இருக்காது.

சின் இலக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்பது இலக்கங்கள் கொண்ட இந்தச் சமூகக் காப்புறுதி இலக்கம் உங்களைப் போன்ற தற்காலிக வதிவாளர்களுக்கு 9 என்று தொடங்கும். அதற்குக் காலாவதித் திகதியும் உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பித்தால் சேர்விஸ் கனடா என்ற அரச சேவை அலுவலகத்தில் இதையும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பிளாஸ்டிக் அட்டை வழங்குவதை 2014 ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே "உங்கள் சின் அட்டை முடக்கப்பட்டுள்ளது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியை அப்படியே அழித்துவிடலாம். இந்த இலக்கத்தைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய இடங்கள் சிலவே: வேலையில் சேர்ந்தபின் முதலாளிக்கு, வரித் திணைக்களத்துக்கு, வட்டி தரும் கணக்கைத் திறக்கும் வங்கிக்கு, அரசாங்கக் கொடுப்பனவுகளுக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்பவருக்கு, வேலை உறுதியான பின் தருகிறேன் என்று சொல்லலாம். வேலை தொடங்கி மூன்று நாட்களுக்குள் கொடுத்தால் போதும்.

வீட்டுக்காரருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகை விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் பிறந்த திகதிக்குப் பக்கத்தில் சின் இலக்கத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கும். உற்றுப் பார்த்தால் அது கட்டாயமில்லை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களும் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றை வைத்தே உங்கள் கடன் வரலாற்றைத் தேடித்தரக்கூடியவை. புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் வரலாறு இல்லாததைக் கெட்ட வரலாறாகக் கணிக்கக் கூடாது என்பதே ஒன்ராறியோ மனித உரிமைச் சட்ட விதிகளின் நிலைப்பாடு. ஆதலால் வீட்டுக்காரரிடம் முகத்தை முறிக்காமல், வேலைக் கடிதத்தையும் அண்மைய சம்பளச் சிட்டைகளையும் கொண்டுபோய் நேரில் காட்டுங்கள். அடையாளத்துக்குப் பிரதி ஒன்று வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், பிரதியின் குறுக்கே "இன்ன முகவரி வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதி, கடவுச்சீட்டு இலக்கத்தின் ஒரு பகுதியை மறைத்துக் கொடுங்கள். சுகாதார அட்டையை அவர் கேட்டால் அதற்குச் சட்டமே இடம் தராது; மருத்துவ சேவைக்கு வெளியே அதைக் காட்டும்படி கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமை இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அவருடைய தொலைபேசியிலும், அவர் அதை மாற்றும்போது பழையதை வாங்குபவரின் கையிலும், அவருடைய மின்வெளிச் சேமிப்பிலும் உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பால் கிடக்கும் என்பதை அவருக்குப் பணிவாகவே சொல்லலாம்.

மூன்று மாத முற்பணத்தைப் பொறுத்தவரை 2006 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. கடைசி மாத வாடகையாக ஒரு மாதத் தொகையை மட்டுமே வைப்பாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனி வைப்பு வாங்க முடியாது. 2018 ஏப்ரல் 30 முதல் மாகாணத்தின் ஒரே மாதிரியான வாடகை ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டு உரிமையாளரோடு, அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தினரோடு, நீங்கள் சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மென்டா, மேல்மாடியில் குடும்பத்தோடு பகிரும் அறையா என்பதை வாடகைத் தொகையைப் பேசுவதற்கு முன்பே கேட்டறியுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டொலர்கூட ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்யாதீர்கள். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்பவரிடம் பெரும்பாலும் வீடும் இருக்காது, சாவியும் இருக்காது.

வரித் திணைக்களத்தின் பெயரில் வந்த அழைப்பு மோசடிதான்; அதில் ஐயமே வேண்டாம். தொலைபேசித் திரையில் சி.ஆர்.ஏ. என்று அந்தத் திணைக்களத்தின் சுருக்கப்பெயர் விழுந்தது என்கிறீர்கள். அந்தப் பெயரையும் இலக்கத்தையும் போலியாகக் காட்ட முடியும். உண்மையான திணைக்களம் பரிசு அட்டைகளாகவோ பிட்காயினாகவோ வரி வாங்குவதில்லை, தொலைபேசியில் கைது மிரட்டலும் விடுப்பதில்லை. அவர்களுடைய மதிப்பீட்டு அறிவித்தலை நீங்கள் ஏற்காவிட்டால், ஆட்சேபம் தெரிவிப்பதற்கே குறைந்தது 90 நாட்கள் தருகிறார்கள். இனி அப்படி ஓர் அழைப்பு வந்தால், பெயரைக்கூட உறுதிப்படுத்தாமல் துண்டித்துவிட்டு, திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள இலக்கத்துக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை, வங்கி ஊழியர் என்று சொல்பவருக்குக்கூட வாசித்துக் காட்டாதீர்கள். அந்த அழைப்பில் ஏற்கெனவே சின் இலக்கத்தைச் சொல்லியிருந்தால், இரண்டு கடன் நிறுவனங்களிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லி, வங்கிக்குத் தெரிவித்து, பொலிஸில் முறையிட்டு, கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) அறிவியுங்கள். புதிய சின் இலக்கம் எளிதில் கிடைக்காது. அதனால்தான் இருக்கும் இலக்கத்தை இவ்வளவு கவனமாகக் காக்கச் சொல்கிறேன்.

இரவல் கேட்கும் நண்பரைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது, ஏனென்றால் அவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார். வேலை அனுமதி தாமதமாகி, ஊரில் குடும்பம் காத்திருக்க, வேறு வழி தெரியாமல் கேட்கிறார். இருந்தாலும் கொடுக்காதீர்கள். அவர் உழைக்கும் சம்பளம் ஆண்டு முடிவில் டீ4 என்ற சம்பள விவரப் படிவமாக உங்கள் பெயரில் வரித் திணைக்களத்துக்குப் போகும். நீங்கள் காணாத பணத்துக்கு உங்களிடம் வரி கேட்பார்கள். நாளை மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்தால், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு அந்த உயர்ந்த வருமானத்தின்படி குறைக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது குற்றம். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் இருவரையுமே பாதிக்கும். அவரைச் சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிப்போவதுதான் நீங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி.

இதே கவனம் வரிப் பத்திரம் நிரப்பித் தருபவர்களிடமும் வேண்டும். நம்மவர்தானே என்று பலர் தங்கள் சி.ஆர்.ஏ. கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. அவரை உங்கள் பிரதிநிதியாகக் கணக்கில் பதிவு செய்தால் அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே வேலையைச் செய்யலாம், வேண்டாதபோது அந்த அனுமதியை நீக்கியும் விடலாம். அவர் தவறாக நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதே. வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரி நிரப்பிக் கொடுக்கும் முகாம்கள் வசந்த காலத்தில் நடக்கின்றன. குடிவரவு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயரை, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பகிரங்கப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாதவரும், சட்டத்தரணிகளின் பதிவேட்டில் இல்லாதவரும் பணம் வாங்கி ஆலோசனை சொல்லக் கூடாது. உங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்கும் 2024 ஜூலை முதல் மாகாண உரிமம் வேண்டும். முதலாளியோ ஏஜென்சியோ உங்கள் கடவுச்சீட்டைத் தங்களிடம் வைத்திருப்பது சட்டவிரோதம். வேலை பிடித்துத் தந்ததற்கு உங்களிடம் பணம் வாங்குவதும் அப்படியே.

இனி, கையில் ஒரு கடிதம் கிடைத்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். நமக்குத் தொலைபேசி மிரட்டலைக் கண்டு வரும் பயத்தில் பாதிகூட உண்மையான சட்டக் கடிதத்தைக் கண்டால் வருவதில்லை. அதை மேசை இலாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். தவணை என்பது உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அதை விட்டுவிட்டால் அதே தவணை உங்களுக்கு எதிராகத் திரும்பும். வாடகை பாக்கிக்கான என்4 அறிவித்தல் வந்தால் அதில் குறித்திருக்கும் தவணைக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் அந்த அறிவித்தல் செல்லாது. வீட்டுக்காரர் தானோ நெருங்கிய உறவினரோ குடியேறப்போவதாகக் கொடுக்கும் என்12 அறிவித்தலுக்குக் குறைந்தது 60 நாட்கள் தவணையும், பொதுவாக ஒரு மாத வாடகைக்குச் சமமான நட்டஈடும் உண்டு. அறிவித்தல் என்பது வெளியேற்ற உத்தரவு அல்ல. வாடகைச் சபை விசாரித்து உத்தரவு தந்த பிறகும், உங்களை வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்தின் ஷெரிஃபுக்கு மட்டுமே. பூட்டை மாற்ற வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த அக்கா ஒருவரிடம், "அறிவித்தல் கிடைத்தது என்பதற்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினார். அவர் அதை வாங்கி, மகள் வந்து வாசித்துச் சொல்லட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். மகள் மாலையில் வந்து பார்த்தபோது அது என்11 படிவம். இன்ன திகதியில் நானாகவே வீட்டைவிட்டுப் போகச் சம்மதிக்கிறேன் என்பதே அதன் பொருள். அறிவித்தலைப் பெற்றுக்கொள்ள உங்கள் கையெழுத்து தேவையே இல்லை. ஆகவே இப்படிக் கையெழுத்துக் கேட்டால், வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

முகவரி மாறினால் ஓட்டுநர் உரிமத்துக்கு 6 நாட்களுக்குள்ளும், சுகாதார அட்டைக்கு 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். குடிவரவுத் திணைக்களத்துக்கும் வங்கிக்கும் அதே வாரத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய வீட்டுக்கு வரும் கடிதம் உங்கள் தவணையையும் தின்றுவிடும், உங்கள் விவரங்களையும் இன்னொருவர் கையில் சேர்த்துவிடும். சம்பளம் தராத முதலாளிமீது தொழில் அமைச்சில் முறையிட இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வேலை செய்த நேரங்களை ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வைத்திருந்தால் அது பெரும் சான்றாகும். பணத் தகராறுகளுக்கான சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் உச்சவரம்பு 2025 ஒக்ரோபரில் 35,000 டொலரிலிருந்து 50,000 டொலராக உயர்ந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் உடனே காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வேண்டியதில்லை. ஸ்காபரோவிலேயே சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களின் வாடகை, வேலை, கொடுப்பனவு வழக்குகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். தெற்காசியச் சட்ட உதவி நிலையமான சால்கோவும் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 211 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். சட்டத்தரணிகள் சங்கத்தின் பரிந்துரைச் சேவையூடாக, சட்டத்தரணி அல்லது பாராலீகல் (சிறு வழக்குகளைப் பார்க்க உரிமம் பெற்றவர்) ஒருவரோடு அரை மணி நேரம் வரை இலவசமாகக் கதைக்கலாம்.

உங்கள் டிக்கெட்டுக்கு மட்டும் நேரம் குறைவு. அது கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து தெரிவிக்க வேண்டும்: குற்றத்தை ஏற்றுப் பணம் கட்டுவது, அரசுத் தரப்பு வழக்குத் தொடுநரோடு முன்கூட்டியே பேசித் தீர்க்கச் சந்திப்புக் கேட்பது, அல்லது விசாரணை கேட்பது. எதுவும் செய்யாமல் விட்டால் உங்களைக் கேளாமலே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடலாம்; தண்டப்பணம் கட்டாமல் போனால் உரிமமும் இடைநிறுத்தப்படும். சும்மா பணத்தைக் கட்டிவிட்டால் அதுவும் குற்றத்தை ஏற்றதாகவே பதிவாகி, அடுத்த முறை கார்க் காப்புறுதி புதுப்பிக்கும்போது கட்டணத்தைக் கூட்டக்கூடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருக்கும் இடத்தில் தமிழ் என்று குறித்து, டிக்கெட்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கே நீதிமன்ற அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன்.