9 வயது ஜெர்மன் ஷெப்பர்ட் பின்னங்காலை இழுத்து நடக்கிறது, வலி தெரியவில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானமா?

காட்பாடியில் எங்கள் மணிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவனும் ஷெப்பர்ட், அப்போது வயது 9. காலையில் தெருவில் கூட்டிப் போகும்போது சிமெண்ட் ரோட்டில் 'சரக், சரக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பின்னங்காலின் நடு இரண்டு நகங்களும் மேல்பக்கம் தேய்ந்து ரத்தம் கசிகிறது. அவன் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

வலி இல்லாததைத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்டோம். மூட்டுத் தேய்மானம் என்றால் பெரும்பாலும் எழும்போது சிரமப்படும், இடுப்பைத் தொட்டால் முனகும். முதலில் காட்டிய இடத்தில் மூட்டு என்று சொல்லி மூன்று மாதம் வலி மாத்திரை கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நாயை நிற்க வைத்து, பின்பாதத்தை மெதுவாக மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாய் சட்டென்று திருப்பிக்கொள்ளும். மணி அப்படியே நின்றான். இது நரம்புக் கோளாறு. ஆனால் எந்தக் கோளாறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கினாலும், கட்டி தண்டுவடத்தை அழுத்தினாலும் இப்படி ஆகும்; அவற்றில் சிலவற்றை ஆபரேஷனில் சரி செய்யலாம். எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நாங்கள் சென்னைக்குப் போய் எடுத்தோம். எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது டீஜெனரேட்டிவ் மைலோபதி, அதாவது தண்டுவடம் மெல்ல மெல்லச் சிதையும் நோய். இதற்கு எஸ்.ஓ.டி.1 மரபணுச் சோதனை உண்டு. இரண்டு பிரதியும் பழுது என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போது நூறு சதவீதம் உறுதி செய்ய முடியாது.

குணமாக்கும் மருந்து கிடையாது. நடையும் பிசியோதெரபியும்தான் கால்களைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். வேலூர் வெயில் ஏறுவதற்குள், விடியற்காலை பாலாற்று மணலில் பத்து நிமிடம் நடக்க விடுவோம். மணலில் நகம் தேயாது. சாயங்காலம் இன்னொரு பத்து நிமிடம். வீட்டு மொசைக் தரை முழுக்க ரப்பர் பாய் போட்டோம். எடை ஏறவே விடாதீர்கள்.

அப்புறம் இடுப்பு தாங்காமல் போனபோது, அடிவயிற்றுக்குக் கீழே பழைய துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்தினோம். கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சின்னச் சக்கரம் வைத்து வண்டி செய்து கொடுத்தார். அதில் ஏறிய அன்றைக்கே தெருமுனை வரை ஓடினான். அந்தக் கட்டத்தில் படுக்கைப்புண் வராமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மூத்திர வாடை மாறினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.