பிள்ளை கெட்டி, அடுத்து என்ன? – கணக்கு டீச்சரிடம் கேட்டவை

மதுரையைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எடுத்தவள் நான். ஓய்வு பெற்றும் கேள்விகள் ஓய்ந்தபாடில்லை. வந்தவற்றில் ஆறுக்கு இங்கே பதில்.

மேலூரிலிருந்து ஓர் அம்மா: மகள் எட்டாவது படிக்கிறா டீச்சர், அரசுப் பள்ளி. ஜூன்ல புத்தகம் குடுத்தா ஜூலைக்குள்ள கணக்கு பூராத்தையும் போட்டு முடிச்சிர்றா. அப்புறம் வகுப்புல ஒரே பேச்சு, தினமும் திட்டு வாங்கிட்டு வர்றா. ஒரு வகுப்பு தாண்டிப் போட முடியுமா?

வேண்டாம் தாயி. ஒன்பதாவது புத்தகத்தையும் ரெண்டு மாசத்தில் முடித்துவிட்டு அங்கேயும் பேசத்தான் போகிறாள். நாளைக்கு நீட் எழுத நினைத்தாலும், அந்த வருஷம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓடிப்போய் வாசலில் காத்துக் கிடப்பானேன்?

அவளுக்குத் தேவை மல்லுக்கட்ட ஒரு கணக்கு. இன்று ராத்திரி இதைக் கொடுங்கள்: 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால், வரும் விடையின் கடைசியில் எத்தனை சைபர் நிற்கும்? நான் வருஷா வருஷம் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. முதலில் 11 என்று சத்தம் வரும். 10, 20 என்று 90 வரை ஆளுக்கு ஒன்று, 100க்கு ரெண்டு. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "அஞ்சை ரெண்டால பெருக்குனாலும் சைபர் வருமே டீச்சர்" என்பாள். ஐந்தின் மடங்குகளை எண்ணி 20க்கு வருவாள். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு, "இருபத்தஞ்சுக்குள்ள ரெண்டு அஞ்சு இருக்கு!" என்று எழுந்து நிற்பாள். 25, 50, 75, 100. இன்னும் நாலு சேர்ந்து 24. சூத்திரம் தெரிந்து எடுத்த எடுப்பில் 24 சொன்னவனை விட, இப்படிப் படியேறி வந்தவள் பெயரைத்தான் நான் குறித்து வைப்பேன். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மூணு நாள் ஆனால் ஆகட்டும்.

எட்டாவது என்பதால் இன்னொன்று. உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு பற்றித் தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய். எட்டாவதில் விட்டால் விட்டதுதான்.

திருமங்கலத்திலிருந்து ஒரு அப்பா: பையன் ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. இப்ப பத்தாவது, டாக்டராகணும்ங்கிறான். பதினொண்ணாவதுக்கு ஹாஸ்டலோட இருக்கிற தனியார் பள்ளியில சேர்க்கச் சொல்லி மச்சினன் நச்சரிக்கிறாரு.

மச்சினரிடம் ஒன்று கேளுங்கள்: ஏழரை சதவீதத்தை யார் திருப்பித் தருவது? ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020லிருந்தும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கடைசி ரெண்டு வருஷத்துக்காக லட்சக்கணக்கில் கொட்டி, கையில் இருந்ததையும் தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நீட்டில் தேறத்தான் வேண்டும், அதற்குப் பயிற்சியும் வேண்டும். ஆனால் பள்ளியை மாற்றாமலே பயிற்சிக்கு வழி தேடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்குக் கணக்குல நாப்பத்தஞ்சு தாண்டாது. வெண்பா எழுதுறான் அம்மா, தளை தட்டாம. இவனெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளையில சேத்தியா?

என்ன கேள்வி அய்யா இது! தளை தட்டாமல் வெண்பா எழுத எனக்கு வராது. பதினொண்ணாவது வந்ததும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து ரெண்டு வருஷம் மாதம் 1,500 ரூபாய் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பாண்டித்துரைத் தேவர் 1901ல் தமிழ்ச் சங்கம் வைத்த ஊர் நம் மதுரை, ஒரு நாள் அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கணக்கில் பாஸ் மார்க் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராமானுஜனே மற்ற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர்தான்.

செல்லூரிலிருந்து ஒரு மாணவி: பதினொண்ணாவது படிக்கிறேன் டீச்சர். எனக்குக் கணக்கு மட்டும்தான் படிக்கணும். அப்பாவுக்குத் தறி வேலை. "கணக்குப் படிச்சு டீச்சரா போகவா? இன்ஜினியரிங் எடு"ங்கிறார்.

டீச்சராகப் போனால் என்னவாம்? சரி, கோபம் வேண்டாம், அப்பாவுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். மற்றவற்றை நீ காட்டு. சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம், சி.எம்.ஐ., கணக்கையும் கணினி அறிவியலையும் சேர்த்தே பி.எஸ்சி. தருகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பெங்களூரில் பி.மேத், கொல்கத்தாவில் பி.ஸ்டாட் நடத்துகிறது. அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனம் ஐசர், திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கு எழுதும் தேர்வு இவற்றுக்குப் போதாது. சி.எம்.ஐ.க்கும் புள்ளியியல் நிறுவனத்துக்கும் விடையைக் குறித்துவிட்டு வர முடியாது, ஏன் அப்படி என்று வரி வரியாக எழுதிக்காட்ட வேண்டும்.

நீ தமிழ் வழி என்றால் கணக்கு ஆங்கிலத்தை இப்போதே பழகு. 'இஃப்', அதாவது 'என்றால்', வேறு; 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்', அதாவது 'என்றால், என்றால் மட்டுமே', வேறு. "மழை பெய்தால் தெரு நனையும்" சரி. தெரு நனைந்திருக்கிறது என்பதால் மழை பெய்தது என்று சொல்வாயா? தண்ணி லாரி போயிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் கோட்டை விட்ட பிள்ளைகள் நிறைய. ஐ.ஓ.க்யூ.எம். என்னும் கணித ஒலிம்பியாட் முதல் கட்டத் தேர்வையும் எழுதிப் பார். மூணு மணி நேரம், முப்பது கேள்வி. ஆறு போட்டாலும் அது ஆறு நல்ல கணக்கு.

வாடிப்பட்டியிலிருந்து: வீட்ல ஒரே இரைச்சல். ஞாயித்துக்கிழமை மகன் உக்காந்து படிக்க இடம் இருக்கா?

புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. போவதற்கு முன் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனையூரிலிருந்து ஒரு அப்பா: பையன் ஒன்பதாவது. சின்னதுல இருந்தே எல்லாரும் "ஜீனியஸ்"ம்பாங்க. இப்பக் கஷ்டமான கணக்குன்னா தொடவே மாட்டேங்கிறான்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஏழாவதில் ஒரு பையனை வகுப்பு முழுக்கக் கேட்க "குட்டி ராமானுஜன்" என்றேன். அடுத்த வருஷம் அவன் கை தூக்குவதையே நிறுத்திவிட்டான். தெரிந்த கணக்கை மட்டும் போடுவான், மற்றதற்கு "வயித்து வலி டீச்சர்". தப்பாகிப் போனால் பட்டம் பறிபோய்விடும் அல்லவா? ஒரு நாள் கரும்பலகையில் நானே சிக்கிக்கொண்டேன், நிஜமாகவே. அரைப் பலகை அழித்தாயிற்று, விடை வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவன் குரல்: "நாலாவது வரில மைனஸை விட்டுட்டீங்க டீச்சர்." பல மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

மேலே மேலூர் அம்மாவுக்குச் சொன்ன, 1 முதல் 100 வரை பெருக்கும் கணக்கை இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் போடுங்கள். முதலில் 11 என்று நீங்கள் சொல்லுங்கள்.