முட்டுக்கட்டை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். வேலையை விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) சிறுதானிய டிபன் கடை போட வேண்டும் என்பது எங்கள் நாலு வருஷக் கனவு. இடம்கூடப் பார்த்துவிட்டோம். பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார்கள். 25 லட்சம் லோன் போட வேண்டும். ஆனால் பேச்சை எடுத்தாலே மாமனார் குறுக்கே விழுகிறார். “அகலக்கால் வைக்காதீங்கம்மா, ஆறு மாசம் சின்னதா நடத்திப் பாருங்க” என்று எப்போதும் ஒரே பல்லவி. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்து பயம். இத்தனைக்கும் அவரிடம் பைசா கேட்கவில்லை. வீட்டுப் பத்திரம் அவர் பேரில் இருப்பதால் ஒரு கையெழுத்துதானே கேட்கிறோம்! எங்களுக்குள் அவருக்கு ‘முட்டுக்கட்டை’ என்றே பேர். ஆசையாக ஒன்றைத் தொடங்கும்போது ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று தண்ணீர் ஊற்றும் ஆட்களை நம் தமிழில் வேறு என்னென்ன சொல்லிக் குறிப்பிடுவார்கள்? மனம் நோகாமல் இவர் வாயை எப்படி அடைப்பது?
– கொளத்தூர் வாசகி

பதில்: ‘ஒரு கையெழுத்துதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த ‘தானே’யிலேயே நின்றுவிட்டேன். மிச்சக் கடிதத்தை அதற்கப்புறம்தான் படித்தேன்.

அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா அம்மா? தவணை கட்டாமல் 90 நாள் போனால் அது வாராக்கடன். பிறகு 2002-ம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி பேங்க் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குள்ளும் கட்டவில்லை என்றால், வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கூட்டிப் பாருங்கள், ஐந்து மாதம். பெரியவர் ஆறு மாதம் சின்னதாக நடத்திப் பார்க்கச் சொன்னார். கடை படுத்தால் சட்டம் உங்களுக்கு அந்த ஆறு மாதத்தைக்கூடத் தராது.

ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்து அவர் கட்டிய வீடு அது. சுயசம்பாத்தியம். அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் பெற்ற மகனுக்கே சட்டப்படி உரிமை கிடையாது. பைசா கேட்கவில்லை என்கிறீர்கள். பைசா கேட்டிருந்தால் பரவாயில்லையே! அவர் தலைக்கு மேலிருக்கும் கூரையை அல்லவா கேட்கிறீர்கள்? கேட்டதோடு விட்டீர்களா, யோசிக்கிறார் என்பதற்காகப் பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது உங்கள் கணவரும் சேர்ந்து சிரித்தாரா? அதற்காக நான் முதலில் கோபப்பட வேண்டியது அவர்மேல்தான்.

சரி, வார்த்தை கேட்டீர்கள். நம்மிடம் பஞ்சமே இல்லை. குறுக்குசால் ஓட்டுகிறவர் என்போம். ஒருவன் நேராக உழுதுகொண்டு போகும்போது குறுக்கே ஏர் ஓட்டுவது. நந்தி மாதிரி குறுக்கே நிற்கிறான் என்போம். திருப்புன்கூரில் நந்தனாருக்காக விலகிக்கொடுத்த நந்தி இன்றும் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அந்த நல்ல நந்திக்கு இப்படி ஒரு கெட்ட பேர் வந்துவிட்டதில் எனக்கு எப்போதும் வருத்தம். எதை எடுத்தாலும் நொட்டை சொல்கிறவர், ஆசையில் மண்ணள்ளிப் போடுகிறவர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரிநாக்கு. இவையெல்லாம் யாருக்குப் பொருந்தும் தெரியுமா? காரியத்தில் தனக்கு ஒரு காசு நஷ்டம் இல்லாதவனுக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, “ஓ.எம்.ஆரா? அங்க நாலு கடை மூடிட்டுப் போயிட்டான்” என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை உறிஞ்சுகிறானே, அவனுக்கு. அவனை நீங்கள் என்ன சொல்லித் திட்டினாலும் நான் கூடவே வருவேன்.

உங்கள் மாமனார் அந்த ஜாதி இல்லை. அவர் வேண்டாம் என்றே சொல்லவில்லை, கவனித்தீர்களா? அகலமாக வைக்காதே என்றார், காலையே எடுக்காதே என்று சொல்லவில்லை. சின்னதாக நடத்திப் பார் என்றார். அவருக்கு வள்ளுவர் ஒரு பேர் வைத்திருக்கிறார்: இடிப்பார். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்.’ தவறும்போது கடிந்து சொல்ல ஆளில்லாத ராஜா, கெடுக்க ஒரு எதிரி இல்லாவிட்டாலும் தானே கெட்டுப்போவான். ராஜாவுக்கே அந்தக் கதி. சம்பளத்தை விடப்போகிற இரண்டு பேருக்கு?

நீங்கள் வைத்த பேரையும் பார்ப்போம். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலாப்பூர் போயிருக்கிறீர்களா? அடுத்த நாள் அறுபத்துமூவருக்குத்தான் ஊரே திரளும். நான் தேருக்குப் போவேன். வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் மாட வீதி முனையில் நின்றுகொண்டு சக்கரத்தடியைப் பார்ப்பேன். ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டையோடு சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார்கள். அத்தனை பெரிய சக்கரம் உருண்டு வரும்போது குனிந்து, கட்டையை அடியில் கொடுத்துவிட்டு, கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். ஒரு நொடி பிசகினால் விரல் இருக்காது. கட்டையின் மேல் சக்கரம் ஏறி நறநறவென்று அரைபடும், தேர் ஒரு குலுங்கு குலுங்கும், முகம் மெல்லத் திரும்பும். வடம் இழுக்கிற ஆயிரம் பேரால் தேரை முன்னால்தான் இழுக்க முடியும். முனையில் திருப்புவதும், இறக்கத்தில் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். அது இல்லாவிட்டால் தேர் தெற்கு மாட வீதியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் ஏறியிருக்கும். அந்தக் கட்டையின் பேர்தான் முட்டுக்கட்டை. இப்போது சொல்லுங்கள், திட்டினீர்களா, புகழ்ந்தீர்களா?

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. 1990களின் நடுவில் மாம்பலத்தில் ஒரு நிதி நிறுவனம் 24 சதவீத வட்டி என்றது. அப்பாவும் சித்தப்பாவும் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, “அவ்ளோ வட்டி அவன் எங்கேருந்து எடுத்துக் குடுப்பான்?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான். “நல்ல காரியம் பேசும்போது வாயை வைக்காதே” என்று சித்தப்பா அடக்கிவிட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். என் அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சென்னையில் அப்படி எத்தனை வீடு! அதற்காகவே 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து என்ன, அம்மாவின் கேள்விக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதில் தேடியிருந்தால் போதும். அதன்பிறகு பண விஷயத்தில் அம்மா எங்கள் வீட்டில் வாயே திறக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆகையால் அவர் வாயை அடைக்க வழி கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெரியவர்கள் பேசுவது அவர்கள் கடமை. கணக்கோடு பதில் சொல்வது பிள்ளைகளின் கடமை. அவர் தன் பங்கைச் செய்துவிட்டார்.

கடை போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் இருவரில் ஒருவர் வேலையில் இருங்கள். ஓ.எம்.ஆர். வாடகையை மறந்துவிட்டு, வீட்டு அடுப்பிலிருந்தே சனி ஞாயிறு நாற்பது டிபன் போட்டுப் பாருங்கள். வரகு பொங்கலை ஒருவர் ஒருதரம் ஆசைக்கு வாங்குவார். மறுவாரமும் வாங்குகிறாரா என்பதில்தான் உங்கள் கடை இருக்கிறது. அது தெரிந்தபிறகு கடன் வேண்டுமென்றால், சிறு தொழிலுக்கென்று 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கேட்கலாம். தொழில் உங்களுடையது என்றால் கடனும் உங்கள் பேரில் இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் கணவர் பேசட்டும், அவர் அப்பா. “ஆறு மாசம்னு சொன்னீங்களே, அதுல என்னென்ன பார்க்கணும்?” என்று கேட்டு, அவர் சொல்வதை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். லோன் பேப்பரை மட்டும் அங்கே எடுத்துப் போகாதீர்கள்.