துவைத்ததும் எம்பிராய்டரி உப்பிவிட்டது, சரியாகுமா?

கேள்வி: வீட்டிலேயே 6 தலையணை உறைகள் தைத்து முன்பக்கம் எம்பிராய்டரி போட்டேன். முதல் துவையலிலேயே பூவைச் சுற்றித் துணி சுருங்கி மேடு பள்ளமாகிவிட்டது. தலையணையும் உள்ளே நுழையவில்லை. "துவைத்துச் சுருக்கிய பருத்தி" என்று சொல்லித்தான் துணியும் நூலும் கொடுத்தார் ஒருவர். அடுத்த கிட்டுக்கு (துணியும் நூலும் சேர்ந்த தொகுப்பு) பணம் கட்டினால், தைத்ததைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். தப்பு என் தையலிலா?

பதில்: தையலில் இல்லை. அந்த "துவைத்துச் சுருக்கிய" என்ற வார்த்தையை நம்பியதுதான் தப்பு.

நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துப் பிடித்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது தளரும், துணி குறுகும். புதுப் பருத்தி சாதாரணமாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 18 அங்குல உறையில் அரை அங்குலத்திலிருந்து கிட்டத்தட்ட ஓர் அங்குலம் வரை காணாமல் போய்விடும். எம்பிராய்டரி நூல் பாலியஸ்டராக இருந்தால் அது சுருங்காது. சுற்றியுள்ள துணி குறுக, பூ மட்டும் பழைய அளவில் நிற்க, உப்பத்தானே செய்யும்?

முழுசாகச் சரியாகாது, பாதி தேறும். உறையை ஈரமாக்கி, தடித்த துண்டின் மேல் பூ கீழே பார்க்கக் கவிழ்த்துப் போடுங்கள். ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்திவிட்டு, பின்பக்கமாக மிதமான சூட்டில் அழுத்தி எடுங்கள். தேய்க்காதீர்கள், அழுத்துங்கள். காயும்வரை ஊசியை எடுக்க வேண்டாம். உள்ளே இன்னும் சின்னத் தலையணை வைத்துவிடலாம்.

இனி எந்தத் துணி வந்தாலும் 10 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டித் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். அரை அங்குலம் குறைந்திருந்தால் 5 சதவீதம். லேபிளில் "100 சதவீதம் பருத்தி" என்று தங்க எழுத்தில் போடத் தெரிகிறது, எவ்வளவு சுருங்கும் என்ற ஒரே ஒரு எண்ணைப் போட யாருக்கும் கை வருவதில்லை! மொத்தத் துணியையும் துவைத்துவிட்டு வெட்டுங்கள். சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் விட்டால் ஒதுக்கிவிடுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், நிற்காது.

அளவு விஷயம். உறை தலையணையைவிட ஓர் அங்குலம் சிறியதாக இருந்தால்தான் கும்மென்று இருக்கும். ஃபோம் கட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும். ஃபோம் அப்படிக் கொடுக்காது, இறுக்கினால் ஓரம் சுருண்டு படகு மாதிரி வளைந்துவிடும். அதனால் ஃபோமுக்கு அதன் அளவேதான், தையலுக்கு விடும் அரை அங்குலம் தனி. ஆனால் நறுக்கிய ஃபோம் துண்டுகளை அடைத்த தலையணை ஃபோம் கணக்கில் வராது, அது பஞ்சுக் கணக்குதான். போன மாதம் வகுப்பில் ஒருவர் இரண்டையும் குழப்பி, நான்கு உறைகளைப் பிரித்துத் தைத்தார்.

இப்போது அந்த ஆளிடம் வருகிறேன். இந்த வியாபாரத்தை நிறையப் பார்த்தாயிற்று. கிட்டுக்கு முன்பணம் வாங்குவார்கள். தைத்துக் கொண்டுபோனால் "ஃபினிஷிங் சரியில்லை", "கோணல்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். அவர்களுக்கு லாபம் தலையணையில் இல்லை, கிட்டில்தான். உங்கள் துணி சுருங்கியதற்கும் உங்களையே குறை சொல்வார்கள். புகார் கொடுக்கப் போனால் ரசீது எங்கே, ஒப்பந்தம் எங்கே என்று நம்மிடம்தான் கேட்பார்கள். ரசீதே தராத ஆளிடம் ஏமாந்தவர் ரசீதுக்கு எங்கே போவார்?

உங்கள் தையலை ஒருவர் நிஜமாகவே வாங்க நினைத்தால், முதலில் மாதிரிக்கு ஒன்று தைக்கச் சொல்லி, அதற்குக் காசு கொடுப்பார். பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லை என்றால், இந்த 6 உறைகளையும் அவரிடமே நீட்டி விலை கேளுங்கள். துணியும் நூலும் அவர் கொடுத்ததுதானே.