குறிசொல்லியின் பெயர் பேத்திக்கு ஆகுமா?

கேள்வி: பிறந்து இருபது நாளான எங்கள் பேத்திக்கு, தன் பாட்டியின் பெயரான 'சிபில்' என்பதையே வைக்க ஆசைப்படுகிறாள் மருமகள். "அது குறிசொல்லியின் பெயர், ஞானஸ்நானத்துக்கு ஆகாது" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என் நாத்தனார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. அருள்வந்து வருங்காலம் உரைத்த பெண்களைப் பழைய கிரேக்கர்கள் 'சிபில்லா' என்றார்கள். ரோமாபுரிக் கதையொன்றில், கூமே ஊர்ச் சிபில்லா ஒன்பது சுவடிகளை அரசன் தார்க்குவினிடம் விற்க வருகிறாள். விலையைக் கேட்டு அவன் சிரிக்கிறான். மூன்றைத் தீயில் போட்டுவிட்டு, மிச்சம் ஆறுக்கும் அதே விலை என்கிறாள். மறுபடி சிரிப்பு, மறுபடி மூன்று சாம்பல். கடைசி மூன்றை ஒன்பதின் விலைக்கே வாங்கினானாம். நம் மீன் சந்தையில் இருந்திருக்க வேண்டியவள்!

ஆனால் திருச்சபை இவளை விரட்டவில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ ஏழு இறைவாக்கினர்களோடு ஐந்து சிபில்லாக்களையும் உட்காரவைத்திருக்கிறார். இறந்தோருக்கான பழைய லத்தீன் பூசைப் பாடலின் முதல் அடிகளிலேயே 'தாவீதும் சிபில்லாவும் சாட்சி' என்று வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பொருள் தெரியாமலே அதைக் கேட்டிருப்பார்கள்.

நாத்தனாரிடம் இன்னொருவரையும் சொல்லுங்கள்: மலாயாவின் சிபில் கார்த்திகேசு. 1899இல் பிறந்த, ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்து (யூரேசிய) செவிலி. கணவர் இலங்கைத் தமிழ் மருத்துவர். ஜப்பானிய ஆட்சியில், ஈப்போவுக்கு அருகே பாப்பான் என்ற ஊரில், காட்டிலிருந்து இரவில் வந்த கெரில்லாக்களின் காயங்களுக்கு மருந்திட்டார். 1943இல் பிடித்து வதைத்தார்கள். பெற்ற மகளைத் தீக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டியும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948இல் அந்தக் காயங்களாலேயே இறந்தார். பேத்திக்கு இதைவிட நல்ல பெயர்க்காரி எங்கே கிடைப்பாள்?

எனக்கு ஒரே தயக்கம் வங்கிதான். இன்று 'சிபில்' என்றாலே எல்லோரும் கடன் மதிப்பெண்ணைத்தான் நினைக்கிறார்கள். அதுவும் வருங்காலம் சொல்கிற குறிதானே என்று சிரித்துவிடலாம். பள்ளியில் பிள்ளைகள் விடமாட்டார்கள். கேலி வேண்டாமென்றால் ஞானஸ்நானப் பதிவிலேயே 'சிபில்லா' என்று முழுதாக எழுதுங்கள். வீட்டில் சிபில் என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'ஐ' முன்னே, 'ஒய்' பின்னே, அல்லது மாற்றி என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒன்றை முடிவுசெய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் அதையே கொடுங்கள்.