நாய்க்கு வீம்பு உண்டா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் எங்கள் வீடு. ரோசி என்று ஒரு பொமரேனியன் வளர்க்கிறோம். எட்டு வயசு. குட்டி போட்டதில்லை, கருத்தடை ஆபரேஷனும் செய்யவில்லை. சின்னதிலிருந்தே முற்றம் தாண்டித் தென்னைமூட்டில்தான் போகும். இப்போது மூன்று வாரமாக ஹாலில், படுக்கிற சாக்கில், மகளின் கட்டிலுக்கடியில் என்று வீடு முழுக்க மூத்திரம். மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போன பிறகுதான் இது ஆரம்பம். "பிள்ளையைக் கொண்டு விட்டதுக்கு நம்மட்ட வீம்பு காட்டுது" என்கிறார் மாமியார். திட்டினால் தலையைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது, ஆக, தப்பு என்று தெரிந்தே செய்கிறது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிப்பதால் சாயங்காலத்துக்கு மேல் வைப்பதை நிறுத்திவிட்டோம். அப்படியும் நிற்கவில்லை. ஓணத்தை ஒட்டி ஹீட் (இணைசேரும் பருவம்) வந்துபோனது. அதற்கப்புறம் சாப்பாடும் குறைவு. மழை வேறு. ரப்பர் தோட்டத்துப் புரையில் கொண்டு கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இதை மறுபடி எப்படிப் பழக்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

பழக்குவதை அப்புறம் பார்க்கலாம். இதை வாசித்த உடனே ரோசிக்குத் தண்ணீர் வையுங்கள், ராத்திரியும் வையுங்கள். நாளைக் காலையில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். உங்களுக்கு முதலில் அனுப்பிவிட்டுத்தான் இந்தப் பதிலை இங்கே போடுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை, நாய் வளர்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் கடிதத்தில் நீங்கள் அங்கங்கே சொல்லிவிட்டுப் போன விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஆபரேஷன் செய்யாத, வயதேறிய பெண் நாய். சில வாரத்துக்கு முன்பு ஹீட். இப்போது தாகம் கூடி, சாப்பாடு குறைந்திருக்கிறது. இதைக் கேட்டால் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறதா என்றுதான். பயோமெட்ரா என்பார்கள்.

ஹீட் முடிந்த பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் நாயின் உடம்பில் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் கூடுதலாகவே இருக்கும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும். ஒவ்வொரு ஹீட்டிலும் இது நடப்பதால், குட்டி போடாமல் வயதான நாயின் கர்ப்பப்பை கிருமிக்குத் தோதான இடமாகிவிடுகிறது. பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் உள்ளே போய்ப் பெருகும். சீழ் வெளியே வடிந்தால் வீட்டிலிருப்பவர்கள் கவனித்துவிடுவார்கள். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒரு துளிகூட வெளியே தெரியாது, ஆபத்தும் அதில்தான் அதிகம். நாள் கடந்தால் உயிர் போகும். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். இருந்தால், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன்தான் வழி.

இதில் மூத்திரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கிருமியின் நச்சு, சிறுநீரகம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் வேலையைக் கெடுக்கிறது. தண்ணீர் தங்காமல் இறங்கிப் போவதால் நாய்க்குத் தாகம் எடுக்கிறது. கூடக் குடிப்பதால் கூடப் போகிறது என்று நீங்கள் நினைத்தீர்கள். நடப்பது நேர் தலைகீழ். கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் மூத்திரம் போய்க்கொண்டுதான் இருக்கும், உடம்புதான் வற்றும். சர்க்கரை நோயிலும் சிறுநீரகக் கோளாறிலும் இதே கதை. ரோசிக்கு அதில் ஒன்றாகக்கூட இருக்கலாம், எதுவானாலும் பரிசோதனையில்தான் தெரியும்.

அளந்து பார்ப்பது கஷ்டமில்லை. காலையில் லிட்டர் கணக்குப் பார்த்து ஊற்றுங்கள், மறுநாள் மிச்சத்தைக் கழியுங்கள். பத்து கிலோ நாய் சாதாரணமாக நாளுக்கு அரை லிட்டர், கொஞ்சம் கூடக் குடிக்கும். ஒரு லிட்டரைத் தாண்டினால் ஏதோ கோளாறு. ஆனால் ரோசியை அளந்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். இது மற்றவர்களுக்கு.

அந்த மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம். வீட்டுக்குள் போனது என்று பொதுவாகச் சொன்னால் டாக்டருக்குப் பிரயோஜனமில்லை. எப்படிப் போனது என்று பாருங்கள். அடிக்கடி குந்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மூத்திரப்பை தொற்று, அல்லது கல். எழுந்த இடத்தில் மட்டும் ஈரம், அது போனதே நாய்க்குத் தெரியவில்லை என்றால் மூத்திரத்தைப் பிடித்துவைக்கும் தசை தளர்ந்திருக்கலாம். கருத்தடை செய்த பெண் நாய்களில் இது அதிகம், மருந்தில் கட்டுப்படும். ஆண் நாய் காலைத் தூக்கி சோபா முனையில் சொட்டுவது எல்லை போடுவது, தெருவில் புது நாய் வந்திருக்கும். கிழட்டு நாய் பழகின வாசலையே மறந்து மூலையில் நின்று முழிக்கும். மூட்டுவலிக்காரன் பாசி பிடித்த படியில் இறங்கப் பயப்படுவான். அப்புறம் நம்ம ஊர் ஈரத்துக்குத் தோல் அரிப்பு வராத நாய் குறைவு. அதற்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ தாகத்தையும் மூத்திரத்தையும் ஏற்றிவிடும். முந்தின வாரம் போட்ட ஊசியை யாரும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை.

மழையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனியிலும் ஐப்பசியிலும் அடைமழை பார்க்கிற மாவட்டம் இது, முற்றத்தில் கால் வைக்க மறுக்கும் நாய்கள் உண்டுதான். இடிக்கும், கோட்டாறு சவேரியார் கோயில் திருநாள் மாதிரி விழாக்களில் போடும் வெடிக்கும் பயந்து உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் மழைக்கு மடிக்கிற நாய் அடக்கி வைத்துக்கொண்டு வாசல் பக்கத்தில் ஒரே தடவை கொட்டும். தான் படுக்கிற சாக்கையே நனைத்துக்கொள்ளாது, தண்ணீரும் கூடக் குடிக்காது.

இனி மாமியார் சொன்னது. பிள்ளையைத் தேடி ஏங்கும் நாய் உண்டு. தனியே விட்டுப்போன நேரத்தில் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டி, அந்தப் பதற்றத்தில் மூத்திரமும் விடும். நீங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே போவது அந்த வகை இல்லை. வீம்பு என்பதை நான் நம்பவில்லை. தலையைத் தாழ்த்துகிறதே என்கிறீர்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் அந்த முகத்தைத்தான் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும், எஜமான் திட்டியபோது ஒரே மாதிரி குற்றவாளி முகம் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவைதான் கூடுதலாகக் குறுகின. ரோசி பார்ப்பது உங்கள் முகத்தை. மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பது, விளக்குமாற்றை ஓங்குவது எல்லாம் அதற்குக் கற்றுத்தருவது ஒன்றுதான், ஆள் பார்க்காத இடத்தில் போக வேண்டும் என்பது. கட்டிலுக்கடி அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்.

தரையை ஃபினாயில் போட்டு மட்டும் துடைத்தால் நமக்குத்தான் வாசனை போகும், நாய்க்குப் போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, நாய்க்கடைகளில் கிடைக்கிற என்சைம் திரவத்தை ஊற்றிக் கொஞ்சநேரம் ஊறவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போடாதீர்கள், கிளம்புகிற வாயு நெஞ்சை அடைக்கும். கையுறை போடுங்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரத்திலும் வரலாம், அதற்கான தடுப்பூசி ரோசிக்குப் போட்டிருக்கிறதா என்பதையும் போன இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் தோட்டத்துப் புரை வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். எவ்வளவு குடித்தது, எப்போது சாப்பாட்டை நிறுத்தியது என்று அங்கே யார் பார்ப்பது? ஹாலை நனைத்ததால்தான் உங்களுக்கே விஷயம் தெரிந்தது.

உடம்பு தேறிய பிறகும் உள்ளேயே போகிற பழக்கம் மிஞ்சியிருந்தால், குட்டிக்குச் செய்த மாதிரியே திரும்பச் செய்யுங்கள். விடிந்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகுமுன்னும் நீங்களே குடையோடு தென்னைமூட்டுக்குக் கூட்டிப்போய், போனதும் அங்கேயே ஒரு துண்டு பிஸ்கட். முக்கால்வாசி நாய்கள் சீக்கிரம் பழைய வழிக்கு வந்துவிடும்.

நாளை போகும்போது ஹீட் வந்த தேதி, கொடுத்த மருந்துகள், குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் ஸ்கேன் வசதி இல்லை என்றால் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். முடிந்தால் காலையில் முதல் மூத்திரத்தை நீளக் காம்புள்ள பழைய அகப்பையை நீட்டிப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். அகப்பை அப்புறம் அடுக்களைக்குள் வரக் கூடாது. பிடிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்காகத் தாமதிக்க வேண்டாம். காரில் சாக்கு இரண்டாக விரித்துக்கொள்ளுங்கள், வழியிலும் போகும்.